ஸ்மோக்கி மலை வகுப்பில் அப்பா

முதல் நாள், வியாழன்

அட்லாண்டாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்மோக்கி மலை என்றால் ஒரு வாடிக்கை உண்டு. நீண்ட வார இறுதி வந்தால் பிஜன் ஃபோர்ஜில் நாலு குடும்பம் சேர்ந்து பெரிய கேபின் ஒன்று எடுப்பது, இன்ஸ்டன்ட் பாட்டில் பிரியாணி வைப்பது, கேட்லின்பர்க் கடைத்தெருவில் ஒரு சுற்று, கேட்ஸ் கோவ் சாலையில் கரடி தெரிகிறதா என்று காருக்குள்ளிருந்தே எட்டிப் பார்ப்பது, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவது. குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை அப்படிக் கூட்டிப்போனால் மறுநாளே "டிவியப் போடு பாப்பா" என்பார். போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஜன்னல் வழியாக மலையைக் காட்டி அவரைச் சமாளிக்க முடியாது.

அதனால் இந்தத் தடவை ட்ரெமான்ட். முழுப்பெயர் 'கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் இன்ஸ்டிட்யூட் அட் ட்ரெமான்ட்'. டென்னசி மாநிலத்தில், தேசியப் பூங்காவின் எல்லைக்கு உள்ளேயே இருக்கும் இயற்கைக் கல்வி மையம். 1969-ல் மேரிவில் கல்லூரியின் பொறுப்பில் தொடங்கியது, இப்போது லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு வந்து சில நாள் தங்கிப் படித்துவிட்டுப் போவார்கள். கோடையில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் முகாம் உண்டு. பெரியவர்களுக்குத் தனி வகுப்புகள். நானும் அப்பாவும் பெயர் கொடுத்தது அக்டோபர் முதல் வாரத்து வகுப்புக்கு.

அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேர ஓட்டம். டவுன்செண்ட் ஊரைத் தாண்டிப் பூங்காவுக்குள் நுழைந்ததும் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போனால் கேட்லின்பர்க், எல்லாக் கார்களும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் கேட்ஸ் கோவ். அந்தச் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே இடது கைப்பக்கம் ட்ரெமான்ட் சாலை. லிட்டில் ரிவரின் ஒரு கிளை கூடவே வருகிறது. இந்தப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது. 2023 மார்ச்சிலிருந்து வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அன்றன்றைக்கும் உண்டு, வாரத்துக்கும் உண்டு. செல்போன் சிக்னல் டவுன்செண்டோடு போய்விட்டது. இந்தப் பதிவைக்கூட நோட்டில் எழுதிவைத்து, கார் எடுத்துக்கொண்டு வெளியே வந்துதான் போடுகிறேன்.

அறைக்குள் சாப்பாட்டுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன, இலையுதிர்காலம் அவை குளிருக்கு முன் கொழுப்பு சேர்க்கும் நேரம். பிஸ்கட், சூயிங்கம் எல்லாம் வெளியே வந்தன. அப்பாவின் பைக்குள் வேட்டிக்கு நடுவே சுற்றிவைத்திருந்த ஆவக்காய் பாட்டிலும் வந்தது. மூடியைத் திறக்காமலேயே அறை முழுக்க வாசனை. வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே அதைச் சமையலறை அலமாரிக்கு எடுத்துப்போய், மூடியில் அப்பா பெயரை எழுதிய காகிதம் ஒட்டினார். "கரடி ஆவக்கா திங்குமா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். கரடி எதையும் தின்னும். ஒருதரம் மனிதச் சாப்பாட்டின் ருசி கண்டுகொண்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னதை மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டிவிட்டு, தானாகவே சட்டைப் பையிலிருந்து இரண்டு மிட்டாயையும் எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் சின்ன நடை. வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். எதைக் காட்டினாலும் பெயர் சொல்வதில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்கிறார்: என்ன தெரிகிறது, என்ன புரியவில்லை, எது ஞாபகம் வருகிறது. ஒரு சின்ன மரத்தடியில் நிறுத்தி, கீழே கிடக்கும் இலைகளைப் பார்க்கச் சொன்னார். ஒன்று முட்டை வடிவம், ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் விரல், இன்னொன்றுக்கு மூன்று பிளவு. மூன்று மரத்து இலை என்று கூட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். அப்பா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே கொப்புல இருக்குப்பா" என்றார், தமிழில்தான். விரலால் காட்டியது போதும். சாஸஃப்ராஸ் மரம், ஒரே மரத்தில் மூன்று வடிவத்திலும் இலை விடும். அதற்குப் பிறகு வழிகாட்டி ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் ஓடை. இந்தப் பூங்காவுக்கு உலகின் சாலமாண்டர் தலைநகரம் என்று பட்டப்பெயர் உண்டு. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் சாலமாண்டர் தவளைக்குத்தான் சொந்தம். முப்பது வகை இங்கே இருக்கின்றன, அதில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலே கிடையாது. தோல் வழியாகவும் வாய்க்குள் இருக்கும் சவ்வு வழியாகவும்தான் மூச்சு. அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மலை உச்சிப் பக்கம் ஆண்டுக்கு 85 அங்குலம் மழை பெய்கிற ஊர் என்பதால் அவற்றுக்கு இது சொர்க்கம். நம் தென்னிந்திய மலைகளில் எவ்வளவு மழை பெய்தாலும் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவிலேயே டார்ஜிலிங்கிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் பார்க்க முடியும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் கையைக் கழுவ வேண்டும், சோப்புப் போடாமல். சன்ஸ்கிரீன், கொசு மருந்து ஏதாவது ஒட்டியிருந்தால் பிராணியின் தோல் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். கையை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கல்லைத் தூக்கும்போது நம் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும், உள்ளே பாம்பு இருந்தால் அது எதிர்ப்பக்கம் போகும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்த குழியிலேயே, இருந்த மாதிரியே வைக்க வேண்டும். இங்கே சாதாரணமாகப் போகிறவர்கள் ஓடைக் கல்லை நகர்த்துவதே சட்டவிரோதம். கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தக் கல்லுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் என்ற இரண்டடி நீளச் சாலமாண்டர் முட்டையிட்டுக் காவல் இருக்கும். இந்த வகுப்பு பூங்காவின் அனுமதியோடு நடக்கிறது, கணக்கெடுப்பும் சேர்த்து.

அப்பா பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கொடுத்த ரப்பர் பூட்ஸை வேண்டாம் என்றார். எழுபது தாண்டியவர், பாறை வழுக்கும் என்று எனக்கு உதறல். வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னதும் போட்டுக்கொண்டார். முதல் அரை மணி நேரம் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்து விரல் மரத்துவிட்டது. பிறகு அப்பா ஓட்டம் இல்லாத ஓரத்தில், பாதி நீருக்கு வெளியே நின்ற தட்டைக் கல்லைத் தேர்ந்தெடுத்துச் சாய்த்தார். விரல் நீளத்தில் ஒன்று நெளிந்தது. "அரணை!" என்றார்.

அதைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அரணை மாதிரிதான் இருந்தது, ஆனால் செதில் இல்லை, விரல் நுனியில் நகம் இல்லை. முதுகு மஞ்சள், இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு. முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து. தொண்டைக்கு அடியில் தோல் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அது மூச்சு வாங்கும் விதம். மூக்கிலிருந்து மேலுதடு வரை மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறது, லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது. அந்தப் பள்ளத்தின் வழியாக வாசனை மூக்குக்கு ஏறும், இரையையும் துணையையும் அப்படித்தான் கண்டுபிடிக்கும். அப்பா லென்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். என்ன புரியவில்லை என்று வழிகாட்டி கேட்டபோது அவர் கேட்டது: "ஓடை காஞ்சு போச்சுன்னா இது எங்க போகும்?" மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்கு அடியிலும் ஈரத்தைத் தேடிப் போகும், ரொம்ப வறண்டால் அப்படியே அசையாமல் இருக்கும் என்றார் வழிகாட்டி. மழைக்காலம் தவறிப்போன வருஷங்களைத் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதியவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீளம் அளந்து, வகை குறித்து, எடுத்த இடத்திலேயே விட்டோம். அது இருகோட்டுச் சாலமாண்டர். பிறகு கருவயிற்றுச் சாலமாண்டர் ஒன்று கிடைத்தது, தடித்த உடம்பு, பிடிக்கப் போனவரைக் கவ்விப் பார்த்தது. இன்னொரு கதையையும் சொன்னார்கள். மேலே, குளிர்ந்த உயரத்தில், கன்னம் சிவந்த சாலமாண்டர் ஒன்று உண்டு. இந்தப் பூங்காவையும் ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அதன் தோல் பறவைகளுக்கு ருசிக்காது. அதே மலையில் இன்னொரு வகை, ருசியானது, அதிலும் சிலவற்றுக்கு மட்டும் கன்னம் சிவந்திருக்கும். வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. "நல்ல பிழைப்பு" என்றார் அப்பா.

மதியம் ஹெம்லாக் மரங்களைப் பார்க்கப் போனோம். ஓடை ஓரத்து நிழல் முழுக்க முன்பு இவற்றுடையது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி, ஊசியிலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டு சாறை உறிஞ்சும். 2002-ல் பூங்காவில் கண்டுபிடித்தார்கள். இப்போது பல இடங்களில் மொட்டை மரங்கள்தான் நிற்கின்றன. காப்பாற்ற முடிந்தவற்றுக்கு வேரடி மண்ணில் மருந்து ஊற்றுகிறார்கள், அந்தப் பூச்சியைத் தின்னும் வண்டுகளையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஏலத்துக்கு எவ்வளவு மருந்தடிப்பார்கள் என்று அறிந்த அப்பா விடவில்லை. "ஊத்துற மருந்து ஓடைக்குப் போகாதா? காலையில கையக் கழுவச் சொன்னாங்களே?" கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஓடைக்குப் பக்கத்தில் மண்ணில் ஊற்றுவதில்லை, தண்டில் துளையிட்டு ஏற்றுகிறோம், அளவுக்கும் வரம்பு வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான். ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்டால் அவரிடமும் பதில் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் தட்டில் மிச்சம் வைத்ததை ஒரே வாளியில் கொட்டி எடை போடுகிறார்கள். பக்கத்து மேசைகளில் டென்னசிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள், எடை குறைந்தால் கைதட்டல். "இதுக்குப் போய் தராசா" என்று அப்பாவுக்குச் சிரிப்பு.

மூன்றாம் நாள், சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, நேற்றைவிட நீளும்.

கேட்ஸ் கோவ் நான்கு பக்கமும் மலை சூழ்ந்த புல்வெளிப் பள்ளத்தாக்கு. 11 மைல் ஒருவழிச் சாலையில் ஒரு கரடி தெரிந்தால் போதும், பின்னால் ஒரு மணி நேரத்துக்கு வண்டி நகராது. நாங்கள் வண்டியை விட்டு இறங்கி வயலுக்குள் போனோம், கையில் வலையோடு. இலையுதிர்காலத்தில் மட்டும் நடக்கும் வேலை இது: மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் 'மொனார்க் வாட்ச்' 1992-ல் தொடங்கிய திட்டம். ட்ரெமான்ட் ஆட்கள் பல வருஷமாக இந்த வயலில் அதற்காக வலை வீசுகிறார்கள்.

காலையில் புல்லெல்லாம் பனி. குளிரில் மொனார்க்கால் பறக்க முடியாது, வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கதை சொன்னார்கள். வசந்தத்திலும் கோடையிலும் பிறக்கும் மொனார்க்குகள் சில வாரம்தான் வாழும். கோடை முடிவில் பிறக்கும் கடைசித் தலைமுறை மட்டும் எட்டு ஒன்பது மாதம் இருக்கும், அதுவரை இனப்பெருக்கமும் இல்லை. அது தெற்கே பறந்து, மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலப் பக்கம் உயர்ந்த மலைகளில், ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களில் கொத்துக்கொத்தாக ஒண்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். போகிற எதுவும் முன்பு போனதில்லை. சென்ற வருஷம் போனவற்றின் பேரப்பிள்ளைகளோ அவற்றின் பிள்ளைகளோதான் இவை. ஒரு பூச்சியின் எடை அரை கிராம்.

பத்தரை மணிக்கு மேல் கோல்டன்ராட் பூக்களில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வலையை மேலிருந்து அடிக்கக் கூடாது, பக்கவாட்டில் வீசி உடனே வாயை மடித்துவிட வேண்டும். ஒன்றைப் பிடித்து, நான்கு இறக்கையையும் சேர்த்து மூடினபடி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் அழுத்தினால் செதில் கையில் ஒட்டும், விட்டால் பறந்துவிடும். பின்னிறக்கையின் வெளிப்பக்கம், நரம்புகள் சேர்ந்து கையுறை வடிவில் ஒரு கட்டம் இருக்கிறது. அங்கேதான் வட்டச் சீட்டு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, எண்ணும் எழுத்தும் பொடியாக. அதை ஒட்டிக் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்த வேண்டும். பின்னிறக்கை நரம்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் ஆண். தேதி, இடம், பால், எல்லாம் தாளில். பிறகு விரலைத் திறந்தால், இரண்டு நொடி அப்படியே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறது. மெக்சிகோவில் செத்துக் கிடப்பவற்றில் சீட்டு கிடைத்தால் அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் ஊர்க்காரர்களுக்கு மொனார்க் வாட்ச் பணம் கொடுக்கிறது. அது எனக்குப் பிடித்தது. கணக்கு எங்கேயோ பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் கூலி மலையில் இருப்பவருக்குப் போகிறது.

அப்பா எங்கே என்று பார்த்தால் வயலின் ஓரத்தில் ஒரு செடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காய்ந்த காய் ஒன்று பிளந்து, உள்ளிருந்து பட்டுப்பஞ்சோடு விதைகள் காற்றில் கிளம்பிக்கொண்டிருந்தன. "பாப்பா, இங்க வா. இது நம்ம எருக்குல்ல?"

இலை அகலமாகத் தடிப்பாக இருந்தது, எருக்குதான் என்று யாரும் சொல்வார்கள். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் அப்பா கையை வைக்கவில்லை. வழிகாட்டி வந்து தரையில் விழுந்த இலைக்காம்பு ஒன்றை ஒடித்துக் காட்டினார். பால். மில்க்வீட். மொனார்க்கின் புழு தின்பது இந்தச் செடிகளை மட்டும்தான். எருக்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். நம் ஊரில் எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் இருக்கிறதே, அதுவும் மொனார்க்கும் ஒரே பேரினம். இரண்டுமே அந்தப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துப் பறவையிடமிருந்து தப்பிக்கின்றன. இதை நான் போனில் முன்பே சேமித்திருந்த படத்தை வைத்துச் சொன்னேன். வெந்தய வரியன் படத்தைப் பார்த்ததும் வழிகாட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நீல வரியன், கருநீல வரியன் கூட்டம்கூட்டமாகக் கிழக்கு மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே மழைக்கேற்ப வலசை போவதையும் கேட்டு எழுதினார்.

அப்பாவுக்கு அத்தோடு முடியவில்லை. அந்தப் பஞ்சு எதற்காகும் என்று கேட்டார். பதில் யாரும் எதிர்பார்க்காதது. இரண்டாம் உலகப்போரில் கப்பற்படையின் மிதவைச் சட்டைகளுக்குள் வைக்க இலவம்பஞ்சு ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. உடனே அமெரிக்கா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சாக்குப்பையோடு வயலுக்கு அனுப்பி மில்க்வீட் காயைப் பறிக்கச் சொன்னார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது அன்றைய கோஷம். இலவம்பஞ்சு என்று நான் மொழிபெயர்த்ததும் அப்பா எழுந்தே விட்டார். போடியில் தெருவுக்குத் தெரு இலவம்பஞ்சு மெத்தை, தலையணை வியாபாரம். "எங்க ஊருச் சரக்குக்கு இவங்க மாத்து தேடுனாங்களா?" ஜாவாச் சரக்குதான் அப்பா, நம்ம ஊர் இல்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும், இலவங்காயை எப்படித் தடியால் அடித்துப் பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரிப்பார்கள் என்று கையாலேயே நடித்துக் காட்டினார். நான் பாதிதான் மொழிபெயர்த்தேன், மீதி தேவைப்படவில்லை.

மாலை வராந்தாவில் வருஷ அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பாடத்தை முடிவு செய்வது பருவம்தான் என்று அதைப் பார்த்தால் புரிகிறது. பனிக்காலத்தில் இலை இல்லாத மரங்களின் பட்டையையும் மொட்டையும் வைத்து அடையாளம் பிடிப்பது, காட்டில் முதலுதவிப் பயிற்சி. ஏப்ரலில் காட்டுப்பூக்கள், பூக்கும் செடி வகைகள் இந்தப் பூங்காவில் 1,500-க்கு மேல், மரங்கள் இலை விட்டு நிழல் கவிவதற்குள் தரைப்பூக்கள் பூத்து முடித்துவிடும். மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை ஒத்திசைந்து மின்னும் மின்மினிகள். பூங்காவுக்குள் இருக்கும் எல்க்மான்ட்டில் அவற்றைப் பார்க்க வண்டிகளுக்குக் குலுக்கல் நடத்துகிற அளவுக்குக் கூட்டம். கோடையில் விடியற்காலை மெல்லிய வலை கட்டிப் பறவைகளுக்கு வளையம் போடுவது. அக்டோபரில் மொனார்க்கும் இலை நிறமும். மின்மினியை அக்டோபரில் காட்ட முடியாது, மொனார்க்கை ஜூனில் கிளப்ப முடியாது. தேதி மலையினுடையது, வகுப்பு அதற்குப் பின்னால் போகிறது. நம் பள்ளிகளில் வருஷம் முழுக்க ஒரே வகுப்பறையில் 'பருவகாலங்கள்' பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது, அதை எழுதினால் பதிவு வேறு திசையில் போய்விடும்.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் மிடில் பிராங் பாதையில் ஒரு நடை. மெதுவாக ஏறும் அகலப் பாதை, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். கர்னல் டவுன்செண்ட் 1901-ல் தொடங்கிய லிட்டில் ரிவர் மரக் கம்பெனி இந்தப் பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாக வெட்டியது. ஊருக்கு அவர் பெயர்தான். ட்ரெமான்ட் பள்ளத்தாக்கை வைத்திருந்த வில் வாக்கர் என்ற முரட்டுக் கிழவர் ரொம்ப நாள் கொடுக்காமல் இருந்து, சாவதற்கு முன்னால் கம்பெனிக்கு விற்றார். 1926-ல் பூங்காவுக்காக 76,000 ஏக்கருக்கு மேல் கம்பெனி விற்றபோதும், 15 வருஷம் வெட்டிக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொண்டது. அதனால் 1934-ல் தேசியப் பூங்கா வந்த பிறகும் இங்கே ரம்பம் ஓடியது, 1939 வரை. இப்போது வானத்தை மறைக்கும் டியூலிப் பாப்லர்கள் எல்லாம் அதற்குப் பிறகு தானாக முளைத்தவை. ஓரிடத்தில் புதருக்குள் துருப்பிடித்த பழைய காடிலாக் கார் ஒன்று கிடக்கிறது, அதையும் காட்டினார்கள்.

அப்பா தண்டுகளின் தடிமனைக் கையால் அணைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "எண்பத்தஞ்சு வருஷத்துல இவ்வளவா?" போடிமெட்டில் அவர் கண்ணெதிரே வெட்டப்பட்ட நிழல்மரங்கள் திரும்பி வந்ததில்லை. வழியில் ஒரு அமெரிக்க செஸ்ட்நட் மரத்தின் குருத்தும் இருந்தது, ஆள் உயரம்கூட இல்லை. ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை 1904-ல் நியூயார்க்கில் தென்பட்டு, அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்களைக் கொன்றது. வேர் சாகவில்லை. குருத்து விடும், கொஞ்சம் வளரும், பட்டை தடித்ததும் பூஞ்சை மறுபடி பிடிக்கும், காயும், மறுபடி குருத்து விடும். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் அங்கே கொஞ்சம் நேரம் நின்றது.

விடைபெற்று, ஊருக்கு வந்த வழியில் திரும்பாமல் மலையைத் தாண்டி வடக்குக் கரோலினா வழியாகப் போனோம். குவோஹி உச்சி 6,643 அடி. 2024 செப்டம்பர் வரை வரைபடத்தில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்ததை, இந்த மலையின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கேட்டுத் தங்கள் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார்கள். நிறுத்த இடம் கிடைக்க முக்கால் மணி நேரம், மேலே மூடுபனி, உச்சியில் இருக்கும் பார்வைக் கோபுரத்திலிருந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. செத்த ஃப்ரேசர் ஃபிர் மரங்கள் மட்டும் பாதை ஓரத்தில். அதுவும் வேறொரு வெளிநாட்டுப் பூச்சியின் வேலை. படம் எடுத்தோம், இறங்கினோம்.

செரோக்கி ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது சிக்னல் வந்தது, இதை அங்கிருந்துதான் போடுகிறேன். போக நினைப்பவர்களுக்கு: வகுப்புகளில் இடம் குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும், தேதிகளை அவர்களுடைய தளத்தில் முன்கூட்டியே பாருங்கள். படுக்கை மாடிக்கட்டில்தான், பெரியவர்களைக் கூட்டிப்போனால் கீழ்க்கட்டில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கெட்டியான மழைக்கோட்டு கட்டாயம். சைவம் என்றால் பெயர் கொடுக்கும்போதே குறிப்பிடுங்கள்.

அப்பாவுக்கு நவம்பரில் திரும்பப் போக டிக்கெட். ஏப்ரல் காட்டுப்பூ வகுப்புக்கு நான் பெயர் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும், கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, "மார்ச்சுல நான் மறுபடி வந்தா ஏர்போர்ட்ல உள்ள விடுவானா?" என்று கேட்டார். பத்து வருஷ விசா அப்பா, விடுவான் என்றேன். அப்படியானால் இரண்டு பேருக்காகப் போடு என்றார்.